மைனஸ் 25-இல் கோழிக்கூட்டை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

மனிடோபா முற்றம்:

வணக்கம். கனடாவில், வின்னிபெக்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். எட்டடிக்கு ஆறடி மரக்கூடு, ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல். கோழிகளோடு இது எங்கள் முதல் குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் அம்மா காலையில் கூட்டைத் திறந்து, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுவார். வேலை முடிந்தது. இங்கே எச்சம் தரையோடு கல்லாக ஒட்டிக்கொள்கிறது. சனிக்கிழமை சுடுநீர் ஊற்றித் தேய்த்தேன். வாளியைக் கீழே வைப்பதற்குள் தரை முழுவதும் பனிக்கட்டி. மறுநாள் காலையில் ஜன்னலின் உட்புறம் வெண்பனி படிந்திருந்தது, சேவலின் கொண்டை நுனிகள் மூன்று கறுத்துவிட்டன. குளிர் புகக்கூடாதென்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்திருந்தேன். உள்ளே குனிந்தால் கண் எரிகிறது. பிள்ளைகள் அந்தச் சேவலைப் பார்த்து அழுகிறார்கள். வெப்ப விளக்கு வாங்கிவிடலாமா?

ஆழ்கூளம்:

தம்பி, முதலில் அந்தத் துணிகளைப் பிடுங்குங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

ஒட்டாவா பக்கத்தில் பதினொரு குளிர்காலம் கோழி வளர்த்திருக்கிறேன். குளிரால் ஒரு கோழியையும் இழக்கவில்லை. ஈரத்தால் இரண்டை இழந்தேன், இன்னும் மனது ஆறவில்லை. கோழியின் உடல்சூடு 41 டிகிரிக்கு மேல். இறகை உப்பிக்கொண்டு அது குளிரைத் தாங்கும். மூச்சிலும் எச்சத்திலும் இருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால், அது கொண்டையில் படிந்து உறைகிறது. உங்கள் ஜன்னலில் படிந்ததும் அதுதான். துளைகள் கூரையோரம், கோழிகள் அடையும் கட்டைக்கு மேலே, திறந்தே இருக்க வேண்டும். கட்டை மட்டத்தில் மட்டும் காற்று வீசக்கூடாது.

வசந்தம் வரும்வரை கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவவே வேண்டாம். இரவில் விழும் எச்சம்தான் ஓரிடத்தில் குவியும். கட்டைக்கு ஒரு முழம் கீழே பலகை ஒன்றைப் பொருத்துங்கள். காலையில், சுவருக்குப் பட்டி பூசும் அகலத் தகட்டைப் பலகையோடு படுக்கவைத்துத் தள்ளினால் உறைந்த எச்சம் கூழாங்கற்கள் போல 'டக் டக்' என்று வாளியில் விழும். ஒட்டாது, நாறாது. இந்த வேலைக்குக் குளிர் நமக்குத் துணை. வெயில் பட்டு இளகும்வரை விட்டீர்களோ, தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

தரைக்கு ஆழ்கூளம். பைன் மரச்சீவல் அரையடி உயரத்துக்குப் போட்டு, ஈரமான இடத்தை அவ்வப்போது அள்ளிவிட்டு, மேலே புதிதாகப் போட்டு வாருங்கள். மாலையில் கைப்பிடி சோளம் தூவினால் கோழிகளே கிளறிப் புரட்டிவிடும். உங்கள் கடுங்குளிரில் கூளம் மட்கிச் சூடு தரும் என்று நம்பாதீர்கள். உலர்ந்து கிடந்தால் போதும்.

சாம்பல் பற்றி ஒன்று. அம்மாவின் கூடு நாற்புறமும் காற்றாடியது, அங்கே அது சரி. ஈரமான, அடைத்த கூட்டில் சாம்பலோ சுண்ணாம்போ போட்டால், எச்சத்திலிருந்து எழுந்து கண்ணை எரிக்கும் அமோனியா வாயு இன்னும் அதிகமாகக் கிளம்பும். சாம்பலைத் தனிப் பெட்டியில் மணலோடு கலந்து வையுங்கள், கோழிகள் அதில் புரண்டு குளிக்கும்.

பெட்டைக்காரி:

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கு வேண்டவே வேண்டாம். உலர்ந்த சீவலும் தூசியும் உள்ள மரக்கூட்டில் அது தவறி விழுந்தால் தீதான். எங்கள் ஊரில் ஒரு கொட்டகை அப்படித்தான் எரிந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தையும் இரவில் வெளியே எடுத்துவிடுங்கள், சிந்துவதும் ஆவியாவதும் குறையும். கறுத்த நுனியைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம். காய்ந்து தானே உதிரும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது சாண்டெக்ளேர் பாருங்கள். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாட்லன் 1908-இல் தொடங்கி, கனடாவின் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மெத்தைபோல இருக்கும், உறைவதற்கு அங்கே அதிகம் இல்லை.

மனிடோபா முற்றம்:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. அன்றிரவே துணிகளை எடுத்துவிட்டேன். பயத்தில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன், எல்லாம் நெருங்கி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. இன்று ஆறாம் நாள், காலையில் மைனஸ் 27. ஜன்னலில் பனி இல்லை, கண் எரியவில்லை. பலகையைச் சுரண்ட நான்கு நிமிடம் ஆனது. சேவலின் நுனிகள் கறுப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் கூவுகிறது. தரையில் நான் உண்டாக்கிய பனிக்கட்டி இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. அதை உடைத்து அள்ளிவிட்டுத்தான் சீவல் போட வேண்டுமா, மேலேயே போடலாமா?

ஆழ்கூளம்:

உடைத்து அள்ளிவிடுங்கள். இளகும் நாளில் அது அப்படியே கூளத்துக்குள் இறங்கும்.