மோட்டோகிராஸ் தடமும் காட்டுப் பாதையும் கலந்த பந்தயத்தில் முதன்முறையாக இறங்குகிறேன்: ஆலோசனை தேவை

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. சிங்கப்பூரில் 2ஏ மோட்டார் சைக்கிள் உரிமம் பெற்றுப் பத்து ஆண்டுகளாகச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறேன். கடந்த ஓராண்டாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியுமுன்பே இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூருக்குச் சென்று, அங்கு வாடகைக்குக் கிடைக்கும் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியில் மண் தடத்தில் பயிற்சி செய்கிறேன். சிறிய மேடுகளைத் தாண்டவும், மண் அணைத்த வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்பவும் இப்போது ஓரளவு வருகிறது.

அங்கே பழகிய நண்பர்கள், இரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு பந்தயத்திற்கு என்னை அழைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி மோட்டோகிராஸ் தடமாகவும், மீதி செம்பனைத் தோட்டத்தின் வழியாகவும் அதையொட்டிய காட்டின் வழியாகவும் செல்லும் என்கிறார்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். நான் பழகிய மோட்டோகிராஸ் வண்டியையே இதற்கு எடுத்துச் செல்லலாமா, அல்லது வேறு வண்டி வேண்டுமா? மோட்டார் சைக்கிள் ஓட்டக் காட்டுப் பாதையே இல்லாத நம் ஊரில் இருந்துகொண்டு இதற்கு எப்படித் தயாராவது?

சேற்றுப்பாதை எழுதியது:

தம்பி, முதல் ஐயத்திற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனெனில் நானும் அதே வண்டியோடுதான் தொடங்கினேன். மோட்டோகிராஸ் வண்டி போதும். ஆனால் அதை அப்படியே கொண்டுபோனால் முதல் மணி நேரத்திலேயே உங்கள் கைகள் ஓய்ந்துவிடும்.

காரணம் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தில் படும் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு. மோட்டோகிராஸ் வண்டியின் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பிங்கும், உயரத்திலிருந்து விழும் எடையைத் தாங்குவதற்காகக் கெட்டியாக அமைக்கப்பட்டவை. காட்டுக்குள் மேடு இல்லை, வேர்தான் உண்டு. முதல் கியரில் மெதுவாகச் செல்லும்போது கெட்டியான முன்ஃபோர்க் ஒவ்வொரு வேரிலும் அமுங்காமல் துள்ளும், அந்த அடி முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். ஃபோர்க் எவ்வளவு எளிதாக அமுங்கும் என்பதைக் கட்டுப்படுத்தும் கம்பிரஷன் திருகைச் சில கிளிக்குகள் தளர்த்துங்கள். அதற்காக முழுவதும் மென்மையாக்கிவிடாதீர்கள், அதே சுற்றில் மேடு தாண்டும்போது அடிவரை இறங்கி இடித்துவிடும். நீங்கள் பாதுகாப்பு உடைகளோடு அமர்ந்த நிலையில் பின்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் அமுங்குகிறதா என்பதை முதலில் அளந்து பாருங்கள். அது சரியில்லாமல் கிளிக்குகளைத் திருப்பிப் பயனில்லை.

அடுத்தது சக்கரம். முன்சக்கரம் இரு வகை வண்டிகளிலும் 21 அங்குலம்தான். பின்சக்கரம் மோட்டோகிராஸ் வண்டியில் 19 அங்குலம், காட்டுப் பந்தயத்திற்கென்றே செய்யப்படும் வண்டியில் 18 அங்குலம். அந்த ஓர் அங்குலக் குறைவினால் டயரின் பக்கச்சுவர் உயரமாகி, வேரிலும் கல்லிலும் மோதும்போது அடியை அது வாங்கிக்கொள்கிறது. உங்களிடம் 19 அங்குலம்தான் இருக்கும் என்பதால், தடித்த டியூபைப் போட்டு, காற்றை 13 அல்லது 14 பிஎஸ்ஐக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிடிமானத்திற்காக இன்னும் குறைத்தால், ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும்.

கைக்காப்பும் எஞ்சினுக்கு அடித்தகடும் இல்லாமல் இறங்க வேண்டாம். பின்சக்கரத்தின் சங்கிலிப் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பற்கள் கூடுதலாக இருப்பதைப் போட்டால், குறுகிய இடத்தில் கிளட்சை ஓயாமல் பிடித்துவிடும் தொல்லை குறையும். கிளட்சைப் பாதி பிடித்தபடியே சேற்றில் ஊர்ந்தால், ரேடியேட்டருக்கு மின்விசிறி இல்லாத இந்த வண்டிகளில் தண்ணீர் கொதித்து வெளியேறிவிடும்.

தமக்கை_சவாரி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் இதே போன்ற காட்டுப் பந்தயங்களை நடத்தும் ஜிஎன்சிசி தொடரில் முன்னணி வீரர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள், காலைப் பந்தயத்தில் இறங்கும் மற்றவர்கள் இரண்டு மணி நேரம். அதே இரண்டு மணி நேரத்தை நம்முடைய வெயிலிலும் ஈரக்காற்றிலும் ஓட்டப்போகிறீர்கள் என்பதை மனத்தில் வையுங்கள்.

என் முதல் பந்தயத்தில் முதுகுப்பையில் வெறும் தண்ணீரைத்தான் நிரப்பிச் சென்றேன். ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடத்தில் என் இடது முன்கை கல்போல் இறுகிவிட்டது. ஓர் ஓடையின் கரையில் நின்று, கிளட்ச் லீவரை அழுத்த முயன்றபோது விரல்கள் மடங்கவே இல்லை. வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உப்புச்சத்துக் கலந்த பானம் தேவை என்பது ஒரு பாடம். கைப்பிடியை இறுகப் பற்றாமல் முழங்கால்களால் வண்டியை இறுக்கி, நின்றபடி ஓட்ட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பாடம்.

நின்று ஓட்டும் தொடைகளை இங்கேயே உருவாக்கலாம். புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவிலும், செஸ்ட்னட் இயற்கைப் பூங்காவின் மலைச்சைக்கிள் பாதையிலும் இருக்கையில் அமராமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வேரைச் செங்குத்தாகக் கடப்பது, சக்கரத்தைப் பார்க்காமல் பத்து மீட்டர் தள்ளிப் பார்ப்பது, இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோவது எல்லாம் மலைச்சைக்கிளிலேயே உடம்பில் ஊறிவிடும். வாரநாளில் அடுக்குமாடிப் படிகளே போதும்.

செம்பனைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரங்கள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நிற்பதால் பாதை அகலமாகத் தோன்றி வேகத்தைக் கூட்டத் தூண்டும். ஆனால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் காம்பில் உள்ள முட்கள் கையுறையைத் துளைத்து உள்ளே ஒடிந்து தங்கும். புல் மூடிய வடிகாலும் குறுக்கே இருக்கும். மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் டயரின் பள்ளங்களை அடைத்து வழவழப்பான உருளையாக்கிவிடும். அப்போது பிரேக்கை நம்பாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

இருவரும் சொன்னவற்றோடு சில நடைமுறைச் செய்திகள். உங்கள் பயணக் காப்புறுதியை வரிவரியாகப் படியுங்கள். மோட்டார் பந்தயத்தில் ஏற்படும் காயத்தை விலக்கி வைக்கும் காப்புறுதித் திட்டங்கள் மிகப் பல, எல்லை தாண்டிய மருத்துவமனைக் கட்டணமோ உங்கள் கையிலிருந்து போகும். தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குக் காயம் பட்டால், உங்களை எல்லை கடந்து அழைத்துவர ஓர் ஆளும் ஒரு காரும் இருக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே இத்தகைய பந்தயங்கள் பலவும் தொடங்கும். கொடி விழுந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம். வாடகை வண்டி சூடாக இருக்கும்போது த்ரோட்டிலை எந்த அளவு திறந்தால் உயிர்பெறுகிறது என்பதை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். காற்று வடிகட்டியை எண்ணெய் தடவிப் போட்டார்களா, ஸ்போக்குகள் தளர்ந்திருக்கின்றனவா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். வண்டி உரிமையாளர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

ஈசூன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதிய விரல்கள் மடங்காத அந்தப் பத்து நிமிடத்தைப் படித்த பிறகு, பந்தயத்திற்கு முன்பாக ஒரு சனிக்கிழமை முழுவதையும் தடத்தில் ஏறாமல் தோட்டப் பாதையில் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். ஏறத்தாழ ஏழு லிட்டர் பெட்ரோல் தொட்டி இரண்டு மணி நேரத்திற்கு வருமா?

சேற்றுப்பாதை எழுதியது:

அதை நம்பி இறங்க வேண்டாம், தம்பி. த்ரோட்டிலைத் திறந்து ஓட்டும் மோட்டோகிராஸ் பகுதி பெட்ரோலை விரைவாகக் குடிக்கும். தோட்டத்தில் ஓட்டப்போகும் அந்தச் சனிக்கிழமையே தொட்டியை நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, மீதியை அளந்து பாருங்கள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால், நடுவில் ஒருமுறை நின்று நிரப்புவதற்குக் கேனுடன் ஒரு நண்பரைப் பிட்டில், அதாவது தடத்தின் ஓரத்தில் வண்டியைக் கவனிக்கும் இடத்தில், நிறுத்திவிடுங்கள். அந்த நிறுத்தத்திலேயே சேறு படிந்த கண்காப்புக் கண்ணாடியை மாற்றி, இரண்டு வாய் பானமும் குடித்துக்கொள்ளலாம்.