மணி பிளான்ட் கடிச்ச பூனை. வேலியில கண்வலிக்கிழங்கு வேற. எதை எடுக்கணும்?

சத்துவாச்சாரி கீழ்வீடு:
வணக்கம். எங்க சோளத்துக்கு ஒன்றரை வயசு, பெண் பூனை. வெயிலுக்கு மறைப்பா இருக்கட்டும்னு ஜன்னல் கம்பி முழுக்க மணி பிளான்ட் ஏத்திவிட்டிருந்தேன். நேத்து சாயங்காலம் ஒரு இலையைக் கடிச்சுட்டு வாயெல்லாம் எச்சில் ஒழுக, முன்னங்காலால மூஞ்சிய தேய்ச்சுக்கிட்டே இருந்தா. ஒரு தடவை வாந்தி. ராத்திரி பூரா நான் தூங்கல. இன்னிக்கு சாப்பிடறா.

இன்னொண்ணு. எங்க அத்தை ஒடுகத்தூர்ல இருந்து கண்வலிக்கிழங்கு கொண்டுவந்து வேலியோரம் நட்டிருக்காங்க. கார்த்திகையில பூத்தா முருகனுக்கு வைக்கணும்னு ஆசை. ஆடி மழைக்கு முளைச்சு முழங்கால் உயரம் வந்துடுச்சு. ரெண்டையும் எடுக்கணுமா?

குடியாத்தம் பூனைவீடு:
அக்கா, முதல்ல வேலிக்குப் போங்க. ஜன்னல் அப்புறம்.

மணி பிளான்ட்ல ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கு. சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்குதே, அதே சமாச்சாரம். ரொம்ப வலிக்கும், ஆனா உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஈரத்துணியால வாயைத் துடைச்சு, கொஞ்சம் தயிர் நக்க விடலாம். தொண்டை வீங்கி மூச்சுக்குத் திணறினா மட்டும் ஒரு நிமிஷம்கூட காத்திருக்காதீங்க.

கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், அப்படி இல்ல. நம்ம மாநிலப் பூதான், ஆனா கிழங்கு, இலை, விதை எல்லாத்துலயும் கோல்ச்சிசின் விஷம். இலை நுனி சுருண்டு கொடி பிடிக்கும் பாருங்க, காத்துல ஆடற அந்த நுனியைத்தான் பூனை தட்டி விளையாடும். எங்க குட்டி ஒண்ணு அப்படித்தான் மென்னுச்சு. சில மணி நேரம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் வாந்தி, மறுநாள் ரத்தபேதி, மூணாம் நாள் போயிடுச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் உப்புத்தண்ணி ஊத்தச் சொன்னார், நானும் ஊத்தினேன். தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க, உப்பே பூனைக்கு விஷமாயிடும். இந்த விஷத்துக்கு மாத்து மருந்தும் கிடையாது. மென்னதைப் பார்த்தா, வாந்திக்குக் காத்திருக்காம கடிச்ச இலையையும் எடுத்துக்கிட்டு கால்நடை மருத்துவரிடம் ஓடணும். அன்னிக்கு எனக்கு இது தெரியாது.

மேல இருக்கிற கொடியை அறுத்தா போதாது. கோடையில கொடி காஞ்சு போகும், கிழங்கு மண்ணுக்குள்ள உயிரோட இருந்து மழைக்கு மறுபடி வரும். கையுறை போட்டு, கலப்பை மாதிரி இருக்கிற கிழங்கை உடையாம தோண்டுங்க. துண்டு விட்டா அதுவே முளைக்கலாம்.

காட்பாடி மாடித்தோட்டம்:
ஆவணி வருது, குன்றிமணியையும் பாருங்க. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணு வைக்க வாங்கி வர்றோம், தரையில ஒண்ணு உருண்டாலும் பூனை துரத்தும். தோல் உடைஞ்ச விதை ரொம்ப ஆபத்து. எண்ணி வாங்குங்க, எண்ணி எடுத்து வைங்க.

ஜன்னலுக்கு மல்லி, முல்லை ஏத்தலாம், பூனைக்குக் கெடுதல் இல்ல. கடிக்கறதுக்குன்னே ஒரு தொட்டியில அருகம்புல் வைங்க, மருந்து மட்டும் அடிக்காதீங்க. எங்க வீட்டுல அது வந்த பிறகு மத்த செடிப்பக்கம் பூனை போறது ரொம்பக் குறைஞ்சது.

சத்துவாச்சாரி கீழ்வீடு:
குட்டி போன கதையை அத்தைகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. சாயங்காலம் அவங்களே கடப்பாரையை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நட்டது மூணு, எண்ணி மூணையும் முழுசா எடுத்துட்டோம். மணி பிளான்ட் மேல்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தாச்சு, அங்க பூனை கிடையாது. முருகனுக்கு முல்லை கட்டித் தரேன்னு சொல்லியிருக்கேன். கன்று வாங்க ஞாயித்துக்கிழமை போறோம்.