குறுந்தொகை 28: எங்கே தொடங்குவது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு. ஔவையாரின் ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதணும். கோபம் புரியுது, மற்றது உரையைப் பார்த்தால்தான் புரியுது. எப்படி எழுதுவது?

பதில் 1: உரையைக் கடைசியில் திறங்க. மொத்தமே ஐந்து அடிதான், முதலில் சந்தி பிரிச்சு எழுதுங்க: மேலிட்டு + ஆஅ, என் + உயவுநோய். பலர் சறுக்கும் இடம் ‘கொல்’. அது கொலை இல்லை, ஐயத்தைக் காட்டும் இடைச்சொல். முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ என்று, பாட்டில் பேசும் தலைவி (காதலி) மூன்று முறை தன்னையே கேட்கிறாள், ஆனால் ஒன்றையும் செய்யவில்லை. அந்தத் தவிப்புதான் பாட்டு. ‘கொல்’லைத் தவறவிட்டால் வெறும் சண்டைக்காரி ஆகிவிடுவாள்.

பதில் 2: வாய்விட்டுப் படிங்க. ‘ஆஅ’ அளபெடை, குரல் நீண்டு, உடனே ‘ஒல்’ என்று ஓசை. பிறகு காற்று அலைக்குது, கடைசி அடியில் ஊர் தூங்குது: ‘உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே’, அதாவது அவளை வருத்தும் காதல் நோயை அறியாமல் தூங்கும் ஊருக்கு. இத்தனை சத்தத்துக்கும் காரணம் அந்தத் தூக்கம்தான் என்று கடைசியில்தான் தெரியுது.

பதில் 3: யார் யாரிடம் சொல்வது என்று கூற்றையும் பாருங்க: தலைவி தோழிக்கு. கேட்க ஒரு தோழி பக்கத்தில் இருந்தும் ஊரே எதிரியாகத் தெரிகிற மனசு, உங்கள் வயசுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு நாலு வரி ஒதுக்குங்க. ஆசிரியர் வரலாறு ஒரு வரி போதும்.