ஆள் வந்தா எரியும், போனா அணையும் கண்ணாடி: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

கல்லிடைக்காரி

சித்திரை விசு அன்னைக்கு நடந்தது. இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுதேன். பட்டாசல்ல, அதான் முன்கூடத்துல, ஸ்மார்ட் மிரர் தொங்குது, தம்பி செஞ்சது. சும்மா இருந்தா முகம் பாக்குற கண்ணாடி, ஆள் வந்தா அதுலயே செய்தி, காலண்டர் எல்லாம் தெரியும். ராஸ்பெர்ரி பைங்குற குட்டிக் கம்ப்யூட்டர், பழைய மானிட்டர், அதுக்கு முன்னால பின்வெளிச்சத்தை மட்டும் விடுற டூ-வே கண்ணாடி, சட்டத்துக்குக் கீழ ஆள் அசைவைப் பிடிக்கிற பிஐஆர் சென்சார். உங்க எல்லார் வீட்லயும் இருக்குற அதே அமைப்புதான்.

விசு அன்னைக்குக் கண்ணத் தொறந்ததும் மொதல்ல பாக்குறதுக்கு அம்மா முந்தின ராத்திரியே கனி வச்சுட்டா. உருளி, வெள்ளரிக்கா, மாம்பழம், கொன்றைப்பூ, நகை, சில்லறை எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால. அங்க முன்ன ஆளுயரக் கண்ணாடி இருந்துச்சு, அப்ப இருந்தே கனி அந்த இடத்துலதான். கனியும் தெரியணும், பாக்குற முகமும் தெரியணும். இடத்த மாத்தக் கூடாதுன்னு ஆச்சி சொல்லிட்டா.

விடியக்காலம் ஆச்சி கண்ணப் பொத்திக் கூட்டிட்டு வந்தது நான். குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும்தான். "கண்ணத் தொறங்க ஆச்சி"ன்னு கைய எடுத்தேன், அந்நேரம் பாத்துத் திரை வந்துட்டு. கீழ செய்தி வரி. பஸ் விபத்து, இத்தன பேர் பலின்னு வெள்ளை எழுத்து, சரியா ஆச்சி நெஞ்சு தெரியுற இடத்துல. ஆச்சி நல்லா எழுத்துக்கூட்டாமலே வாசிப்பா. வாசிச்சா. ஒண்ணும் சொல்லல. எல்லாருக்கும் கைநீட்டக் காசு குடுத்தா. சாயங்காலம் பூக்கட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் கேட்டா: "அந்தப் பஸ்ஸு எந்த ஊருளா?"

வருசத்துக்கு மொத மொத அவ கண்ணுல பட்டது அது. அசைவு தெரிஞ்சாத் திரையப் போடுங்குறத மட்டும் நம்பி விட்டவங்க வேற யாருக்கும் இப்பிடி நடந்துருக்கா?

சமாதானபுரம்

எங்க வீட்ல இதுக்கு நேர் எதிர். எரிய வேண்டிய நேரத்துல எரியல.

அப்பாவுக்கு மதியம் மாத்திரை. காலண்டர்ல போட்டு வச்சா கண்ணாடியில வந்துரும், முகம் கழுவிட்டு வரும்போது பாத்துக்கிடுவாங்க. மார்கழி, தையில ஒரு குறையும் இல்ல. மே மாசம் பாளையங்கோட்டை வெயில் உங்களுக்குச் சொல்லணுமா? நான் ஆபீஸ்ல இருந்து சாப்பாட்டுக்கு வந்தா, அப்பா கண்ணாடிக்கு முன்னால நின்னு தோள்ல கிடந்த துண்ட எடுத்து, பஸ்ஸ நிறுத்துற மாதிரி வீசிக்கிட்டு இருக்காங்க. திரை கருப்பாவே இருக்கு. "கரண்டு போயிட்டு போல"ங்காங்க. தலைக்கு மேல ஃபேன் ஓடுது. மாத்திரை போடல.

அப்புறம் வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிஐஆர் ஆளப் பாக்கல, சுத்தி இருக்குற சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகருறதத்தான் பாக்குது. சுவர் வெயில் குடிச்சு 35, 36 டிகிரிக்கு வந்துட்டா, தோல் சூடும் கிட்டத்தட்ட அதே. அப்ப ஆளும் சுவரும் அதுக்கு ஒண்ணுதான். அப்பா இப்ப காலையில குளுந்த நேரத்துலயும் கண்ணாடிக்கு முன்னால வந்ததும் துண்டைத் தூக்குதாங்க. அதைப் பாக்கும்போதுதான் எனக்கு என்னவோ செய்யுது.

வண்ணாரப்பேட்டை மின்பணி

சமாதானபுரம் அண்ணாச்சி, வெயில் மேல பழி போடுறதுக்கு முன்னால சென்சார் எங்க இருக்குன்னு பாருங்க. மேலப்பாளையத்துல ஒரு வீட்டுக்குப் போனேன். சென்சாரைக் கண்ணாடிக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டு, ரெண்டு சென்சார் மாத்தியும் வேலை செய்யலேன்னு நின்னாங்க. உடம்புச் சூடு வர்ற அலை ஒன்பது பத்து மைக்ரான். சாதாரணக் கண்ணாடி அதை விடவே விடாது. நமக்குத் தெளிவாத் தெரியுற கண்ணாடி அதுக்குச் சுவரு. சட்டத்துல ஓட்டை போட்டு அந்த வெள்ளைக் குமிழை வெளிய நீட்டி வச்சேன், வேலை முடிஞ்சது. என் கதை அவ்வளவுதான்.

ஆனா இங்க எல்லாருக்கும் சேர்த்து சிலது சொல்லணும். எச்.சி-எஸ்ஆர்501 (HC-SR501) பிஐஆர் வச்சிருக்கவங்க, அதுல ரெண்டு ஆரஞ்சு திருகு இருக்கும். ஒண்ணு தூரம், ஒண்ணு நேரம். நேரத் திருகை முழுசாத் திருப்பினா சுமார் அஞ்சு நிமிசம் வரை பிடிச்சு வைக்கும். ஓரத்துல ஒரு ஜம்பர், அதான் ஊசி மேல மாட்டுற சின்ன மூடி, உண்டு, அதை 'எச்' பக்கம் போட்டாத்தான் ஆள் அசைய அசைய நேரம் நீளும். 'எல்'லுல கிடந்தா ஆள் முன்னால நிக்கும்போதே அணையும், ஆடாம நின்னு சவரம் பண்றவனுக்கு அதுதான் பெரிய கொடுமை. கரண்ட் வந்ததும் ஒரு நிமிசம் போல அது தடுமாறும், அந்த நேரத்து எரியுறதக் கணக்குல எடுக்கக் கூடாது. ராஸ்பெர்ரி பையோட வைஃபை பக்கத்துல ஒட்டி வச்சாலும் சும்மா சும்மா எரியும், வயரை நீட்டித் தள்ளி வைங்க.

அடுத்தது அணைக்கிற விதம். திரையைக் கருப்பாக்கிட்டா போதும்னு நினைக்கிறாங்க. போதாது. எல்சிடி பின்விளக்கு எரிஞ்சிட்டே இருக்கும், ராத்திரி கண்ணாடி சாம்பல் நிறத்துல மினுங்கும். எச்டிஎம்ஐ சிக்னலையே நிறுத்தணும். பழைய 'டிஸ்ப்ளே பவர்' கமாண்டை 2023-ல வந்த புக்வார்ம்ங்குற ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல, அதுவும் ராஸ்பெர்ரி பை 5-ல, அடிச்சுட்டு ஒண்ணும் நடக்கலேன்னு சொல்றாங்க. அங்க திரையைக் கவனிக்க வேலேண்டுங்குற புது முறை வந்தாச்சு, அதனால டபிள்யூஎல்ஆர்-ரான்டர் (wlr-randr) கமாண்ட்ல அந்த எச்டிஎம்ஐ அவுட்புட்டை ஆஃப் பண்ணணும். மானிட்டருக்குப் பதிலா டிவி வச்சிருந்தா சிஇசி வழியா (எச்டிஎம்ஐ வயர்லயே டிவிக்குக் கட்டளை அனுப்புற வசதி) அதையே ஸ்டான்ட்பைக்கு அனுப்பலாம், அதுதான் சுத்தமான வழி. சில மலிவு மானிட்டர் சிக்னல் போனதும் 'நோ சிக்னல்' பெட்டியை நீலத்துல மிதக்க விடும். வாங்குறதுக்கு முன்னால கடையிலயே வயரைப் பிடுங்கிப் பாருங்க. ஸ்மார்ட் பிளக்ல கரண்டையே வெட்டுறவங்களும் கவனிங்க: திரும்பக் கரண்ட் வந்ததும் தானா எந்திரிக்காம பட்டனை அமுக்கச் சொல்ற மானிட்டர் நிறைய.

அம்பை நடுத்தெரு

எங்க தெருவுல ஒரு வீட்டுச் சுவருதான் அடுத்த வீட்டுக்கும் சுவரு. பிஐஆர் குமிழ் துருத்திக்கிட்டு நிக்கது பிடிக்காம, ஆர்சிடபிள்யூஎல்-0516ங்குற சென்சார் வாங்கி மானிட்டருக்குப் பின்னால வச்சேன். மைக்ரோவேவ், உலோகம் தவிர பலதையும் ஊடுருவும், வெளிய ஒண்ணும் தெரியாது.

ராத்திரி ரெண்டு மணி வாக்குல திரை வரும். போகும். திரும்ப வரும். வீட்ல எல்லாரும் படுத்தாச்சு. ராத்திரி கண்ணாடி பாக்கக் கூடாதுன்னு சொல்லுத வீடு எங்க வீடு. அம்மா அதுமேல பழைய வேட்டியப் போட்டு மூடிட்டா. திரை எப்ப வந்துது, எப்ப போச்சுங்குற பதிவை நான் எடுத்துப் பாத்தேன். வாரதும் போறதும் ஒரே சீரா இருக்கு, ஒரு ஆள் கூடத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தா எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. அடுத்த ராத்திரி முழிச்சிருந்து சுவருல காத வச்சேன். வெறுங்கால் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

பெரியம்மா தவறுனதுல இருந்து அவங்க தூங்கலேன்னு ஊருல யாருக்கும் தெரியாது. பகல்ல வாசத்திண்ணையில உக்காந்து, "என்ன டே, வேலையெல்லாம் எப்படி?"ன்னு சிரிப்பாங்க. அவங்களா சொல்லாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை வச்சுக்கிட்டு அவங்க முகத்தப் பாக்க முடியல. போயிப் பேசணுமா, தெரியாத மாதிரி இருக்கணுமான்னு இன்னும் முடிவு பண்ணல.

சமாதானபுரம்

மின்பணி அண்ணாச்சி, எங்க சென்சார் வெளியதான் இருக்கு, கண்ணாடிக்குப் பின்னால இல்ல. ஜம்பரும் 'எச்'லதான் கிடக்கு. அதே சென்சார் சாயங்காலம் அறை குளுந்ததும் ஒழுங்கா எரியுது, மதியம் மட்டும் எரியல. அறையில தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுனேன். ஒரு வீட்டுல பாத்தத எல்லா வீட்டுக்கும் சொல்லாதீங்க.

பணகுடி

எங்க ஊர்ல சூடு இல்ல, காத்து. ஆனி, ஆடியில ஜன்னலத் தொறந்தா திரைச்சீலை தரையில நிக்காது. இப்ப எல்லாரும் சொல்லுதாங்களே எல்டி2410 ரேடார், அதுதான் வச்சேன். ஆடாம நிக்க ஆள மூச்சு அசைவ வச்சே கண்டுபிடிக்கும், சமாதானபுரத்து அப்பாவுக்கு அது சரிப்படும். ஆனா திரைச்சீலையும் அதுக்கு ஆள்தான். ராத்திரி பூரா எரிஞ்சுது. தொட்டில்ல கிடந்த பிள்ளை அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு முழிச்சுக் கிடந்தா. அழவும் இல்ல. எவ்வளவு நேரமா அப்பிடிக் கிடந்தாளோ, அதை நினைச்சா இப்பவும் எனக்குப் பொறுக்கல.

வண்ணாரப்பேட்டை மின்பணி

சமாதானபுரம், வெளிய வச்சும் மதியம் மட்டும் தவறுதுன்னா நீங்க சொல்றது சரிதான், அது சூடு. பணகுடி தங்கச்சி சொன்ன ரேடாருக்கே மாறுங்க. பணகுடிக்கும், எல்டி2410-க்கு மாறினா அம்பைக்கும் வழி ஒண்ணுதான்: அதுல தூரத்தை முக்கால் மீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கும். ரெண்டு கட்டத்தோட நிறுத்திட்டா ஒண்ணரை மீட்டருக்கு அந்தப் பக்கம் அது பாக்காது. திரைச்சீலை அதுக்குள்ள வராம கண்ணாடியை மாட்டுங்க. அம்பை, சென்சார் பலகையோட முதுகு பொதுச்சுவர் பக்கம் இருக்கட்டும், பின்பக்கமும் கொஞ்சம் பிடிக்கும், அதனால நடுவுல ஒரு அலுமினியத் தகடு வைங்க.

அம்பை நடுத்தெரு

தகடு வைக்கலாம் அண்ணாச்சி. வச்சா பெரியப்பா தூங்குதாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாமப் போயிரும். அதுக்கு முன்னால ஒருநா சாயங்காலம் திண்ணையில போயி உக்காரப் போறேன். என்ன பேசன்னு தெரியல, உக்காருவோம்.

கல்லிடைக்காரி

தம்பிகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். செய்தி வரிய காலை எட்டு மணிக்கு மேலதான் காட்டுத மாதிரி மாத்திட்டான். அடுத்த விசுவுக்கு முந்தின ராத்திரி மானிட்டர் பிளக்கையே பிடுங்கிருவோம்னு அம்மா சொல்லுதா, எனக்கும் அதான் சரின்னு படுது. ஒரு சந்தேகம்: எங்க கண்ணாடி கடையில வாங்குன டூ-வே இல்ல, சாதாக் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டுனது. அதுக்குப் பின்னால ரேடார் வேலை செய்யுமா?

வண்ணாரப்பேட்டை மின்பணி

ஃபிலிம்ல உலோகப் பூச்சு இருந்தா அலை குறையும், சிலதுல மொத்தமா நின்னுரும். சென்சாரைப் பின்னால ஒட்டுறதுக்கு முன்னால, மிச்சம் இருக்குற ஃபிலிம் துண்டை சென்சாருக்கு முன்னால பிடிச்சு, தம்பியை எதிர்ல நிக்கச் சொல்லிப் பாரு. எரிஞ்சா கண்ணாடிக்குப் பின்னாலயே சென்சாரை ஒட்டு. எரியலேன்னா சட்டத்துக்குக் கீழ, இப்ப பிஐஆர் இருக்குற இடத்துலயே வை.