‘இம்பாஸ்’: முட்டுக்கட்டையா, முட்டுச்சந்தா?

சொல்வேட்டை:
பேச்சுவார்த்தைச் செய்திகளில் வரும் ‘இம்பாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை முட்டுக்கட்டை என்றே எழுதுகிறார்கள். ‘ஸ்டேல்மேட்’ வந்தாலும் அதேதான். இரண்டும் ஒன்றா? இம்பாஸின் வேர் என்ன?

ஏட்டுச்சுவடி:
வேர் பிரெஞ்சு. ‘பாஸே’ என்றால் கடப்பது. முன்னால் ‘இம்’ சேர்ந்தால் கடக்க முடியாதது. முதற்பொருள், மறுமுனை அடைபட்ட தெரு. பாரிஸில் அப்படிப்பட்ட சந்துகளின் பெயர்ப்பலகையில் இன்றும் இந்தச் சொல் இருக்கிறது. அதற்கு முன்பே புழங்கியது ‘கு த சாக்’, அதாவது சாக்குப்பையின் அடி. அதில் ‘கு’ என்பது புட்டத்தைக் குறிக்கும் கொச்சை. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேருக்கு அது பிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இம்பாஸைப் பரப்பியவர் அவரே. ஆங்கிலத்துக்கு அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது.

ஆகவே நேர்த்தமிழ் முட்டுச்சந்துதான். முட்டுக்கட்டை என்பது வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்தடியில் வைப்பது. வைத்தவர் ஒருவர் உண்டு. எடுத்துவிட்டால் வண்டி போகும். இம்பாஸில் குற்றவாளி கிடையாது. அங்கே முட்டுக்கட்டை என்று எழுதினால், மூலம் சொல்லாத பழியை ஒரு தரப்பின் மேல் போட்டுவிடுகிறோம்.

அறுபத்துநாலு கட்டம்:
ஸ்டேல்மேட் சதுரங்கச் சொல். கறுப்பு ராஜா ஏ8 கட்டத்தில் தனியாக நிற்கிறது, வெள்ளை ராணி பி6இல், ஆட்டம் கறுப்புக்கு. ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் பிடியில். நகர்த்த ஒன்றுமில்லை, ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. வெல்லும் நிலையில் இருப்பவர் ராணியை அவசரமாக நெருக்கிக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். இதிலுள்ள ‘ஸ்டேல்’ ஊசிப்போன ரொட்டியைச் சொல்லும் ‘ஸ்டேல்’ அல்ல. அசையாமல் நிற்பதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்.

சொல்வேட்டை:
அப்படியானால் இழுபறி?

ஏட்டுச்சுவடி:
இழுபறியில் கயிறு இன்னும் அசைகிறது. வாக்கு எண்ணிக்கைக்குப் பொருந்தும், இம்பாஸுக்குப் பொருந்தாது. ‘பேச்சுவார்த்தை முட்டி நிற்கிறது’ என்று வினையாகவே எழுதிப்பாருங்கள், இயல்பாக உட்காரும்.

ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் செய்தியில் இம்பாஸ் சட்டச்சொல். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் கீழ், இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு பேசியும் இனி நகர வழியில்லை என்ற நிலை வந்தால், முதலாளி தாம் கடைசியாக முன்வைத்த நிபந்தனைகளைத் தாமே நடைமுறைப்படுத்தலாம். அந்நிலை வருமுன் அப்படிச் செய்தால் அது சட்டமீறல். அங்கே ‘தேக்கம்’, ‘இழுபறி’ என்று எழுதினால், நிர்வாகம் எந்த உரிமையில் அப்படிச் செய்தது என்பதே வாசகருக்குப் புரியாது. ‘பேச்சு முற்றாக முட்டிய நிலை’ என்று எழுதி, அதன் சட்ட விளைவை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.