மெரினாவில் காதில் ஒன்றும் இல்லாமல் ஓடுவது: சுகமா, வீம்பா?

கலங்கரை21:
நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கி.மீ. காலை ஐந்தரைக்கு அங்கே ஓடுகிறவர்கள் காதில் எதையாவது செருகிக்கொண்டு எதை இழக்கிறார்கள் என்று பட்டியலே போடலாம். பாலத்தருகே பஸ் சத்தம். காமராஜர் சாலையை விட்டு உள்சாலைக்குள் இறங்கினால் அது பின்வாங்கும். காக்கையும் மைனாவும் முன்னே வரும். கோடையில் குயிலும் சேரும். கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோட்டில் மீனவர் பகுதியான நொச்சிக்குப்பம் நெருங்கும்போது ஃபைபர் படகின் மோட்டார், மீன் விலை பேசும் குரல்கள். அலைதான் கடைசியில் கேட்கும். மணல் அவ்வளவு அகலம். போதாக்குறைக்கு விடிகாலைக் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போவதால் சத்தத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கடற்காற்று திரும்பிய பிறகு அதே இடத்தில் நின்றால் அலை கிட்டத்தில் வந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் இலவசம்.

தாளக்கட்டு:
அழகாக இருக்கிறது சார், ஆனால் எல்லோரும் பறவை பார்க்கவா ஓடுகிறார்கள்? பிரிட்டனில் புருனெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காராஜியோர்கிஸ் பல வருடம் ஆராய்ந்த விஷயம் இது: மிதமான வேகத்தில் இசை கேட்டால் அதே உழைப்பு லேசாகத் தெரிகிறது. 1998இல் பர்மிங்ஹாமில் எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி 2000 மீட்டர் உள்ளரங்கச் சாதனையை (4:52.86) முறியடித்தபோது அரங்கின் ஒலிபெருக்கியில் அவருக்குப் பிடித்த பாட்டு ஓடியது. அவருக்கு உதவியது நமக்கு ஆகாதா?

கலங்கரை21:
ஐந்து நிமிடம்கூட ஆகாத ஓட்டம் அது. வண்டி வராத அரங்கம், பாட்டும் ஒலிபெருக்கியில். அவர் காது திறந்துதான் இருந்தது. அதே காராஜியோர்கிஸின் மற்ற பாதியையும் சொல்லுங்கள்: வேகம் கடுமையாகி மூச்சு வாங்கும் கட்டத்தில் அந்த லேசான உணர்வு பெரும்பாலும் போய்விடும். மிதமான ஓட்டத்திலோ களைப்பை மறைப்பதுதான் கெடுதல். மெதுவாக ஓட வேண்டிய நாளில் பாட்டு சூடு பிடித்தால் கி.மீ.க்கு 7:00 நிமிடம் என்று ஆரம்பித்தது 6:20 ஆகும். ஓடும்போது தெரியாது, மறுநாள் தொடை சொல்லும்.

நாலாம்கியர்:
பயிற்சி தருகிற கோணத்தில் இரண்டு வார்த்தை. வேகம் சரியா என்று பார்க்க, உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லுங்கள். தடையில்லாமல் வந்தால் மெதுவான ஓட்டம். தெருப் பெயரிலேயே மூச்சு முறிந்தால் இல்லை. காதில் இசை இருந்தால் முறிவது சரியாகக் கேட்காது.

அடுத்தது காலடி. வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 42 வந்தால் நிமிடத்துக்கு 168 அடி. ‘தப் தப்’ என்று அறைகிற சத்தம் வந்தால் பெரும்பாலும் பாதம் உடலுக்கு முன்னே தள்ளி விழுகிறது. அடியைச் சற்றுக் குறுக்குங்கள். ‘சரக் சரக்’ என்று தேய்ந்தால் களைப்பு, கால் தூக்கவில்லை. ஒரு கால் மட்டும் ஓங்கி ஒலித்தால் உடனே பயப்பட வேண்டாம். சாலை ஓரச் சரிவாலும் அப்படிக் கேட்கும். சமதளமான இடத்தில் 100 மீட்டர் ஓடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

தாளக்கட்டு:
இதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சத்தமே வரக்கூடாது என்று நினைத்து முன்பாதத்தில் இறங்க ஆரம்பிக்கிறவர்கள் ஆடுசதையையும் குதிகால் தசைநாணையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நிமிடத்துக்கு 180 அடி வேண்டும் என்று பலரும் சொல்கிற அந்தக் கணக்கு. ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் போட்டி வேகத்தில் ஓடியவர்களை எண்ணியது அது. 7:00 வேகத்தில் ஓடுகிறவர் அதைத் துரத்துவது வீண்.

நாலாம்கியர்:
இரண்டும் சரி. நான் 180 என்று சொல்லவே இல்லையே! சத்தத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, அது மாறும்போது கவனிக்கச் சொல்கிறேன். முதல் கி.மீ.யில் எப்படி ஒலித்தது, எட்டாவதில் எப்படி? அந்த வித்தியாசம்தான் செய்தி.

இருட்டோட்டம்:
யாரும் நாய்களைப் பற்றிப் பேசவில்லை! தெருவில் ஓடுகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை உறுமல்தான். கேட்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். முதுகைக் காட்டி ஓடினால் துரத்தும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. இன்னொன்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மெதுவாக வந்தால் டயர் உரசல் மட்டும்தான் கேட்கும். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம், வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள்.

தாளக்கட்டு:
அதற்குத்தான் எலும்புவழி ஹெட்போன் வந்துவிட்டதே. கன்னத்தெலும்பில் உட்காரும், காது திறந்தே இருக்கும்.

இருட்டோட்டம்:
காது திறந்திருக்கும், கவனம்? பஸ் போகிற சாலையில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் உறுமலும் டயர் உரசலும் அதன் அடியில் போய்விடும். டிரெட்மில்லில் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், அங்கே நாய் வராது.

தாளக்கட்டு:
டிரெட்மில் எனக்கு, மெரினா உங்களுக்கு என்று பங்கு பிரிக்கிறீர்களா? 25 கி.மீ. நெடு ஓட்டத்தின் கடைசி 6 கி.மீ.யில் வெயிலும் ஏறிய பிறகு குயில் உதவாது. அங்கே பாட்டு வேண்டும்.

கலங்கரை21:
அந்த 6 கி.மீ.யில்தான் உடம்பு அதிகம் பேசும். தாகம், தலைசுற்றல், வியர்வை நின்றுபோவது, வெயிலிலும் சிலிர்ப்பு: இதில் எது வந்தாலும் நிழலுக்குப் போய் நிற்க வேண்டும். பாட்டு முடியட்டும் என்று ஓடக்கூடாது. பழக்கத்தை விட முடியாதவர்கள் ஒரு வாரம் முதல் பத்து நிமிடம் மட்டும் சும்மா ஓடிப் பாருங்கள், அடுத்த வாரம் இருபது. முதல் இரண்டு மூன்று நாள் சலிப்பாகத்தான் இருக்கும். அப்போது கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்காமல், அடுத்த சிலை வரை மூச்சை எண்ணுங்கள்.

தாளக்கட்டு:
பத்து நிமிடம் சரி. கடைசி 6 கி.மீ.யை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பக்கக் காதில் மட்டும், சாலைப் பக்கம் திறந்து.

இருட்டோட்டம்:
லூப் ரோட்டில் திரும்பி வரும்போது சாலைப் பக்கம் மாறிவிடும். கழற்றி மாட்ட மறந்துவிடாதீர்கள்.