மலைப்பாதைக்கு ஃபிக்ஸட் சைக்கிள்: பின் ஹப் புரியா, ஆறு போல்டா?

லிந்துலைக்காரன்:
வணக்கம். பாவிச்ச ஜப்பான் ஸ்டீல் ஃபிரேம் ஒன்னு கையில இருக்கு. பின் சில்லு உட்கார்ற இடைவெளி 126 மி.மீ. அதை ஃபிக்ஸட் (சில்லு சுத்துற வரைக்கும் பெடலும் சுத்துற மாதிரி) ஆக்கி தலவாக்கலைக்கு வேலைக்குப் போகணும், ஞாயிறுல நானுஓயா வரைக்கும் ஏறணும். முன் பிரேக் கட்டாயம் போடுவேன். பின் சில்லு நடுவுல போட ரெண்டு ஹப் பார்த்து வச்சிருக்கேன். ஒன்னு 120 மி.மீ., குண்டு பேரிங், 36 துளை. ஒரு பக்கம் திருகுப் புரியில ஏறுற ஃபிக்ஸட் பல்லு, திருப்பிப் போட்டா ஃபிரீவீல் (மிதிக்காமலும் சில்லு ஓடுறது). மற்றது மூடின பேரிங், பல்லை ஆறு போல்ட்ல பூட்டுறது, விலை கிட்டத்தட்ட ரெட்டிப்பு. கூட்டாளி ஒருத்தன், "ரெண்டும் வேணாம், பழைய ஃபிரீவீல் ஹப்லயே பல்லை இறுக்கி, பெடல் அச்சோட லொக் ரிங்கை (பூட்டு வளையத்தை) மேல போட்டுடு"ங்கிறான். என்ன சொல்றீங்க?

பத்தனை ஸ்பனர்:
தம்பி, அந்த மூணாவது யோசனையை இன்னைக்கே விட்டுடுங்க. ஃபிரீவீல் புரியும் பழைய பெடல் அச்சுப் புரியும் ஒரே அளவு, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. அதனாலதான் அந்த ரிங் அழகா ஏறுது. ஆனா பல்லும் வலப்புரி (வலப்பக்கம் திருப்பினா இறுகுறது), ரிங்கும் வலப்புரி. பின்னுக்கு மிதிச்சீங்கன்னா ரெண்டும் ஒன்னா கழண்டு வரும். முறையான ஃபிக்ஸட் ஹப்ல லொக் ரிங் இருக்கிற இடம் கொஞ்சம் சின்னது, அதுவும் இடப்புரி. பல்லு கழலப் பார்த்தா ரிங் இன்னும் இறுகும்.

நானும் இளவயசுல அப்படி ஒட்டுப்போட்டு ஓடினவன்தான். ரதெல்ல குறுக்கு வீதி இறக்கத்துல பல்லு சுத்திடுச்சு. காலுக்குக் கீழ ஒன்னுமே இல்லாத மாதிரி ஆச்சு. முன் பிரேக் இருந்ததால இன்னைக்கு இதை எழுதுறேன். உங்களுக்கு முதல் ஹப் போதும்.

கண்டி சில்லு:
மூணாவதைப் பத்தி அண்ணே சொன்னது சரி. முதல் ஹப் போதும்ங்கிறதை ஏத்துக்க மாட்டேன். கணக்கைப் பாருங்க. முன்னுக்கு 44, பின்னுக்கு 18 பல்லுன்னா ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.1 மீட்டர். மணிக்கு 40 கி.மீ.ல இறங்கினா நிமிஷத்துக்கு 130 சுத்து. அந்தக் காலை அடக்க ஒவ்வொரு வளைவுலயும் பின்னுக்கு அழுத்துறோம். சமதரையில ஒரு சிக்னலுக்கு ஒரு தடவை வர்ற அழுத்தம், இங்க கிலோமீட்டர் கணக்குல வருது. அதையெல்லாம் தாங்குறது அலுமினிய ஹப்ல இருக்கிற சில புரிதான். அது ஒருக்கா சீவிடுச்சுன்னா முழு ஹப்பும் குப்பை, கம்பியெல்லாம் கழட்டி மறுபடி கோர்க்கணும். ஆறு போல்ட்ல இந்தக் கதையே இல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பிடி.

பத்தனை ஸ்பனர்:
புரி தானா சீவாது தம்பி. நான் பார்த்த சீவல் எல்லாம் பல்லு சரியா உட்காராத ஹப்லதான். பல்லுக்கும் ரிங்குக்கும் இடையில ஆட்டம் இருந்தா ஒவ்வொரு அழுத்தமும் சுத்தியல் அடி மாதிரி. புரிக்கு கிரீஸ் போட்டு, செயின் ஸ்பனரால (செயின் துண்டு பூட்டின, பல்லைப் பிடிச்சுத் திருப்புற ஸ்பனர்) பல்லை இறுக்கி, ரிங்கைப் போட்டு, ஒரு ஏத்தம் எழும்பி மிதிச்சு ஏறணும். உங்க பாரத்துலயே பல்லு இன்னும் உள்ள போகும். மேல போய் ரிங்கை மறுபடி இறுக்கணும். கொழும்புல இருக்கிறவன் இதுக்கு ஏத்தம் தேடணும், நமக்கு வாசல்லயே இருக்கு.

ஆறு போல்ட் பல்லு இங்க எந்தக் கடையில கிடைக்குது? 18 ஒத்துவரலன்னு 19 வேணும்னா ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும். அந்த M5 போல்ட்டும் அலுமினியத்துக்குள்ளதான் இறங்குது, அதை அளவுக்கு மீறி இறுக்கினா அதுவும் சீவும்.

ஹாலிஎல:
ரெண்டு பேருமே இறக்கத்தையே கதைக்கிறீங்க. ஏறும்போது முழங்காலை யார் பார்க்கிறது? அதே 44-18ல மணிக்கு 8 கி.மீ. ஏறினா நிமிஷத்துக்கு 26 மிதி. ஸ்டர்மி ஆர்ச்சர் எஸ்3எக்ஸ்னு ஃபிக்ஸட்லயே மூணு கியர் ஹப் இருக்கு: நேரடி, 75 சதவீதம், 62.5 சதவீதம். மலைக்கு அதுதான்.

கண்டி சில்லு:
ஓட்டிப் பார்த்திருக்கேன். மிதியை முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தும்போது நடுவுல ஒரு தொய்வு வரும். ஃபிக்ஸட் ஓட்டுறதே அந்தத் தொய்வு இல்லாத பிடிக்காகத்தான். கியர் வேணும்னா டெரெய்லர் (செயினைப் பல்லு மாத்திப் போடுற வழக்கமான கியர்) சைக்கிளே நல்லது.

பத்தனை ஸ்பனர்:
முழங்காலுக்குத்தான் முதல் ஹப்போட மறுபக்கம் இருக்கு. அங்க 20 பல்லு ஃபிரீவீல் போடுங்க, ஆனா பின் பிரேக்கும் சேர்த்து. 18ல இருந்து 20க்கு மாத்தினா அச்சு ஏறக்குறைய 6 மி.மீ. முன்னுக்கு வரும், ஃபிரேம் காடி (அச்சு உட்கார்ற வெட்டு) அவ்வளவு நீளம் இருக்கான்னு அளந்துக்குங்க. 126க்கு 120 ஹப்னா பக்கத்துக்கு 3 மி.மீ. வொஷர். முன் பல்லு வளையத்தைக் கிராங்க்ல உள்பக்கம் போடுங்க, செயின் நேரா ஓடும்.

கண்டி சில்லு:
மழையை மறந்துட்டீங்க அண்ணே. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் உங்க பக்கம் விடாம பெய்யும். குண்டு பேரிங் எத்தனை தடவை திறக்கணும்? மூடின பேரிங்ல 6001ன்னு இலக்கம் இருந்தா மோட்டார் சாமான் கடையிலயே வாங்கலாம்.

பத்தனை ஸ்பனர்:
அது நியாயம். மழைக்காலத்துல மாசத்துக்கு ஒருக்கா திறந்து, துடைச்சு, கிரீஸ் போடணும். ஆனா பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம், எந்தச் சைக்கிள் கடையிலயும் இருக்கும். அரை மணித்தியால வேலை.

லிந்துலைக்காரன்:
காடியை அளந்தேன், 20 மி.மீ.க்கு மேல இருக்கு. புரி ஹப்பே எடுக்கிறேன். மிச்சக் காசுக்கு நல்ல முன் பிரேக்கும் செயின் ஸ்பனரும். கண்டி அண்ணன் கோவிக்க வேணாம்.

கண்டி சில்லு:
கோவம் இல்ல தம்பி, என் எண்ணமும் மாறல. லொக் ரிங்கை ஸ்டீல்ல வாங்குங்க. வாங்கினதும் ஹப் புரியைக் கிட்ட வச்சுப் படம் எடுத்து இங்க போடுங்க. கம்பி கோர்க்கிறதுக்கு முன்னாடி.